டபுள் டிலைட்டை மூன்று ஊர்களில் வளர்த்துப் பார்த்ததில்

நான் முதன்முதலாக வாங்கிய டபுள் டிலைட் ரோஜா வெளுப்பாகத்தான் பூத்தது. சுத்த வெள்ளைகூட இல்லை, பழைய காகிதத்தின் நிறம். படத்தில் பார்த்து மயங்கிய அந்தச் செக்கச்சிவந்த விளிம்பை எங்கேயும் காணோம். ஒரு பூ அப்படி வந்தால் போகட்டும் என்று விடலாம், அடுத்தடுத்து நாலு பூவும் அப்படியே வந்தபோது, விற்றவர் வேறு ஏதோ செடியை என் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டேன். வாசனை மட்டும்தான் இடித்தது. இனிப்பும் கொஞ்சம் காரமும் கலந்த அந்த வாசனையை வேறு எந்த ரோஜாவிலும் நான் முகர்ந்ததில்லை. வேறு செடியென்றால் இந்த வாசனை எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தேன், கோபம் யோசனையைத் தள்ளிவிட்டது.

அப்போது இருந்தது கடலோரத்தில், மூன்றாவது மாடியில். பால்கனிக்குக் கண்ணாடி அடைத்திருந்தது, உப்புக்காற்றுக்கு அது நல்லது என்று செடியை உள்ளேதான் வைத்திருந்தேன். பால்கனிக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது தொட்டிகளையெல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றவேண்டியிருந்தது, இறக்கச் சோம்பல்பட்டு இரண்டு வாரம் அங்கேயே விட்டுவிட்டேன். அங்கே விரிந்த முதல் பூவின் ஓரத்தில், பேனாவால் கோடு இழுத்தாற்போல் சிவப்பு. மறுநாள் அந்தக் கோடு இதழின் பாதிவரை இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் நடுவில் ஒரு சின்ன வட்டம் தவிர மற்றதெல்லாம் சிவப்பு. செடி சரியாகத்தான் இருந்திருக்கிறது, நான்தான் அதைக் கண்ணாடிக்குள் அடைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். இந்த ரகத்தின் இதழில் சிவப்பு நிறமி உண்டாக வெயிலில் உள்ள புற ஊதா ஒளி படவேண்டும். கண்ணாடி வெளிச்சத்தை விட்டுவிடும், புற ஊதா ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். அதனால் கண்ணாடிக்கூண்டில் வளர்கிற டபுள் டிலைட் வெளிறியே இருக்கும். பாலிகார்பனேட் தகட்டுக்கும் இதே கதை. விற்றவரிடம் நான் சண்டைக்குப் போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் சோம்பல், நல்லவேளை.

அதற்கப்புறம் வேலைமாற்றம் என்னை ஒரு மலையூருக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து மழையே பார்க்காத ஒரு உள்நாட்டு ஊருக்கு. மூன்று இடத்திலும் இதே ரகத்தை வளர்த்தேன். கொஞ்சம் பிடிவாதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து ரகத்தை ஒரே ஊரில் வளர்த்துக் கற்றுக்கொள்ள முடியாத சில விஷயங்கள், ஒரே ரகத்தை மூன்று ஊர்களில் வளர்த்தபோதுதான் புரிந்தன.

முதலில் செடியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கதை அதில் இருக்கிறது. டபுள் டிலைட் 1977இல் வெளிவந்தது. ஹெர்பர்ட் ஸ்விம், ஆர்னால்ட் எல்லிஸ் என்ற இரண்டு பேர் உருவாக்கியது, வெளியிட்டது கலிஃபோர்னியாவின் ஆர்ம்ஸ்ட்ராங் நாற்றங்கால். தாய் கிரனடா, தந்தை கார்டன் பார்ட்டி. கார்டன் பார்ட்டியின் தந்தை பீஸ், அதாவது இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் அந்தப் பெயரோடு வெளிவந்த புகழ்பெற்ற ரோஜா. ஆக நம் செடி பீஸின் பேரன். 1985இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு இதைத் தன் புகழ்மண்டபப் பட்டியலில் சேர்த்தது, மறுவருடம் வாசனைக்கென்றே தரும் ஒரு பதக்கத்தையும் அமெரிக்காவில் வாங்கிவிட்டது. பரம்பரைப் பெருமை இவ்வளவு. பரம்பரை நோயும் உண்டு. கிரனடாவும் சரி, கார்டன் பார்ட்டியும் சரி, சாம்பல் நோய்க்குப் பேர்போனவை. இரண்டு பக்கமும் அது இருந்தால் பிள்ளை எப்படித் தப்பும்?

இன்னொன்று, தெற்குக் கலிஃபோர்னியாவில் நல்ல வெயில், வறண்ட காற்று, கோடையில் மழையே கிடையாது. அங்கே ஆயிரக்கணக்கான நாற்றுகளிலிருந்து ஒன்றைப் பொறுக்கியெடுக்கும்போது, இலை நாள் முழுக்க நனைந்து கிடந்தால் இது தாங்குமா என்ற கேள்வியே பெரிதாக எழுந்திருக்காது. ஒரு ரகத்தைப் பற்றி அட்டையில் எழுதியிருக்கும் பாராட்டெல்லாம் அது தேர்வான இடத்தின் வானிலையையும் சேர்த்துத்தான். நாம் செடியை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறோம், வானிலை கூட வருவதில்லை.

கடலோரத்துக்குத் திரும்புகிறேன். மொட்டை மாடிக்குப் போனதும் நிறம் வந்துவிட்டது, கூடவே கரும்புள்ளி நோயும் வந்தது. அடியிலைகளில் ஓரம் சிதறிய கறுப்புப் பொட்டுகள், சுற்றிலும் மஞ்சள், அப்புறம் இலை உதிரும். மழைமாதம் முடியும்போது செடி வெறும் குச்சியாக நின்றது, உச்சியில் நாலு இலை, அதன்மேல் வெட்கமில்லாமல் ஒரு மொட்டு. மருந்து அடித்தேன், மாற்றி மாற்றி அடித்தேன். கொஞ்சம் குறையும், திரும்ப வரும். பிறகுதான் தெரிந்தது, நான் செய்துகொண்டிருந்த பெரிய தப்பு மருந்தில் இல்லை, தண்ணீர் ஊற்றும் நேரத்தில். ஆபீஸிலிருந்து வந்து, வெயிலில் வாடியிருக்குமே என்று பூவாளியால் தலையோடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கரும்புள்ளிப் பூஞ்சையின் வித்து இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து ஏழு மணிநேரம் போல ஈரமாக இருந்தால் போதும். ஈரக்காற்று வீசும் கடலோரத்தில் சாயங்காலம் நனைத்த இலை விடியும்வரை காயாது. பத்துப் பன்னிரண்டு மணிநேரம் விருந்து வைத்திருக்கிறேன்.

அதிகாலையில், வேரில் மட்டும் ஊற்ற ஆரம்பித்தேன். தொட்டிகளுக்கு நடுவே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி விட்டேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இலைகளைக் கிள்ளிவிட்டேன், மண்ணிலிருந்து தெறிக்கிற தண்ணீர்தான் முதலில் அந்த இலைகளைப் பிடிக்கிறது. மண்மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டேன், ஆனால் ரோஜா இலைச் சருகு அல்ல. விழுந்த ரோஜா இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்தாவிட்டால் மற்றதெல்லாம் வீண், வித்து அதில்தான் உட்கார்ந்திருக்கும். இத்தனையும் செய்து நோய் போய்விட்டதா என்றால் இல்லை. பாதியாகக் குறைந்தது. இந்த ரகத்துக்கு ஈரமான கடலோரத்தில் அதற்குமேல் எதிர்பார்க்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

நோயைவிட என்னைக் குழப்பியது ஓய்வில்லாமை. குளிர்காலம் என்று ஒன்று இல்லாத இடத்தில் ரோஜா தூங்குவதேயில்லை. வருடம் முழுக்கத் தளிர், மொட்டு, பூ. பார்க்கச் சந்தோஷம், ஆனால் இரண்டாம் வருடம் தண்டு பென்சில் பருமனிலிருந்து ஈர்க்குச்சிப் பருமனுக்கு வந்துவிட்டது, பூவும் சிறுத்தது. குளிர்நாட்டுப் புத்தகத்தில் போட்டிருந்தபடி முழங்காலுக்குக் கீழே கவாத்து செய்தேன். அது இரண்டாவது தப்பு. இலையில் சேர்த்துவைத்த தெம்பையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, தூங்காத செடியைத் திரும்ப எழுந்து ஓடு என்று சொன்னால் எப்படி? இரண்டு தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்து செத்தன. அடுத்த வருடத்திலிருந்து மழை ஓய்ந்து, இரவு கொஞ்சம் குளிர ஆரம்பிக்கும் வாரமாகப் பார்த்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டினேன், இருந்த பழைய இலைகளையும் கிள்ளிவிட்டேன். நாற்பத்தைந்து ஐம்பது நாளில் பூ. வருடத்திலேயே நல்ல பூ அந்த முறைதான். மற்ற மாதங்களில் வருகிற பூ இரண்டாவது நாளே கழன்றுவிடும்.

மலைக்குப் போகும்போது செடியைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. ஆறு குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனேன், இரண்டு பிழைத்தன. கூடவே, வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுக்கட்டிய கன்று ஒன்றும் வாங்கினேன். ஒட்டும் சொந்த வேர்ச்செடியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது தற்செயல்தான், ஆனால் நல்ல பாடம். ஒட்டுச்செடி முதல் வருடமே இடுப்புயரம் வந்து பூத்துத் தள்ளியது. குச்சியில் வந்தவை இரண்டு வருடம் குழந்தையாகவே இருந்தன, மூன்றாம் வருடம்தான் நிமிர்ந்தன. அவசரக்காரர்களுக்கு ஒட்டுச்செடிதான். சொந்த வேருக்கு உள்ள மதிப்பு வேறு இடத்தில் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மலையில் வந்த முதல் பூவை நான் நம்பவில்லை. கடலோரத்தில் பூத்ததைப்போல ஒன்றரை மடங்கு, உள்ளங்கையை மூடும் அளவு, இதழெல்லாம் தடிமனாக, நடுவில் அந்த உயர்ந்த கூம்பு குலையாமல். எட்டு நாள் செடியிலேயே நின்றது. குளிரில் மொட்டு மெதுவாக வளரும், இதழுக்கு உருவாக நேரம் கிடைக்கும், அவ்வளவுதான் ரகசியம். ஆனால் கவாத்திலிருந்து பூவுக்கு இரண்டு மாதத்துக்கும் மேலாகக் காத்திருக்கவேண்டும். நிறமும் மெதுவாகத்தான் இறங்கும். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதா ஒளி பத்து சதவீதம் போல அதிகரிக்கும் என்பார்கள், அதனால் தெளிந்த வானத்தின்கீழ் விரிந்த பூவில் சிவப்பு நன்றாகவே இருந்தது. பனிமூட்டம் ஒரு வாரம் மூடிக்கொண்டால் வந்த பூவோ, கண்ணாடி பால்கனியை ஞாபகப்படுத்தியது. ஒரே செடியில் ஒரே மாதத்தில் இரண்டு ரகம் பூத்தாற்போல் இருக்கும்.

இங்கேதான் பரம்பரை நோய் வந்து கதவைத் தட்டியது. தளிரில் மாவு தூவினாற்போல் வெள்ளை, இலை சுருண்டு, மொட்டின் கழுத்தெல்லாம் சாம்பல். பகல் இதமான வெயில், ராத்திரி குளிர்ந்த ஈரக்காற்று என்றால் சாம்பல் நோய்க்குக் கொண்டாட்டம். நான் கடலோரத்தில் படித்த பாடத்தை ஒப்பித்துக்கொண்டு, இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் கூடிக்கொண்டே போனது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, காலையில வெயில் வந்ததும் இலையைக் கழுவி விடுங்க" என்றார். நனைந்தால் நோய் வருமே ஐயா என்றேன். "அது வேற நோய்" என்று சொல்லிவிட்டு அவர்பாட்டுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. கரும்புள்ளிக்கு இலையில் தண்ணீர் நிற்கவேண்டும். சாம்பல் நோய்க்குக் காற்றில் ஈரம் போதும், இலைமேல் தண்ணீர் நின்றால் அதன் வித்து முளைக்கவே சிரமப்படும். பெயர் தெரியாமல் இரண்டையும் "பூஞ்சை" என்று ஒரே மூட்டையில் கட்டினால் ஒன்றைத் தடுக்கிற வேலை இன்னொன்றை வளர்க்கும். வெயிலடிக்கும் காலைகளில், மதியத்துக்குள் காய்ந்துவிடும்படி கழுவ ஆரம்பித்தேன். தழைச்சத்து உரத்தையும் குறைத்தேன், அதைப் போட்டுப் போட்டு நானே குண்டுகுண்டாக வளர்த்த பிஞ்சுத் தளிர்தான் நோய்க்கு முதல் கவளம். உள்பக்கமாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்த தண்டுகளை அடியோடு எடுத்து, நடுவில் காற்றுக்கு வழிவிட்டேன். ஒரு மாதத்தில் புதுத்தளிர் சுத்தமாக வந்தது. பனிமூட்டம் விடாமல் இருந்த வாரங்களில் மட்டும் கழுவவில்லை. அந்த வாரங்களில் மொட்டே விரியாமல் பழுப்பாகி, மேலே சாம்பல்நிறப் பூசணம் படர்ந்து அழுகும், அதற்கு நான் கண்ட ஒரே வழி அந்த மொட்டுகளை வெட்டி அப்புறப்படுத்துவது. மலையூரில் வருடத்துக்கு ஒருமுறை, குளிர் முடிகிற சமயத்தில், பாதிக்குக் கீழே நன்றாகவே வெட்டினேன். கடலோரத்தில் தண்டுகளைக் கொன்ற அதே வெட்டு இங்கே புத்துயிர் கொடுத்தது.

மூன்றாவது ஊர் வறட்சி. கோடையில் 42 டிகிரி, காற்றில் ஈரமே கிடையாது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். போன முதல் கோடையில் மூன்று மாதமும் நான் இந்த ரகத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன். காலை ஆறு மணிக்கு விரியும், பத்து மணிக்கு முழுச்சிவப்பு, மதியம் இதழோரம் கருகும், சாயங்காலம் பூவே இல்லை. அளவு மலையில் வந்ததில் பாதிகூட இல்லை. இரண்டு நிறம் என்பதே பெயர் பெற்ற பெருமை, இங்கே அதைப் பார்க்கவேண்டுமானால் அலாரம் வைத்து எழவேண்டும். வாசனையும் அப்படித்தான், விடிகாலையில் மூக்கைத் துளைக்கும், வெயில் ஏறினால் ஆவியாகிப் போய்விடும்.

கரும்புள்ளி ஒரு பொட்டுகூட இல்லை. சாம்பல் நோய் கோடையில் தலைகாட்டவேயில்லை. ஆஹா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது இலைகள் தூசு படிந்தாற்போல் மங்கின, புரட்டிப் பார்த்தால் அடியில் மெல்லிய வலை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத செஞ்சிலந்தி. வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை பெருகிவிடும் ஜென்மம் இது. வேப்ப எண்ணெய் அடித்தேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பதினோரு மணிக்கு. சிலந்தி செத்ததோ இல்லையோ, இலை வெந்துவிட்டது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் எண்ணெயும் அடிக்கக்கூடாது, கந்தகமும் அடிக்கக்கூடாது, இரண்டையும் இரண்டு வார இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து அடிக்கவே கூடாது. புட்டியிலேயே பொடி எழுத்தில் எழுதியிருந்தது. கடைசியில் சிலந்தியை அடக்கியது வெறும் தண்ணீர்தான். மூன்று நாளுக்கு ஒருமுறை, காலையில், குழாயின் முனையை அழுத்திப் பிடித்து இலையின் அடிப்பக்கமாகப் பீச்சியடித்தேன். கடலோரத்தில் இருந்த நான் இதைப் பார்த்திருந்தால் அலறியிருப்பேன். இங்கே அரைமணியில் இலை காய்ந்துவிடுகிறது, கரும்புள்ளி எங்கிருந்து வரும்?

அடுத்தது மஞ்சள். நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு இடையில் வெளிறியும், அதுவும் இளந்தளிரிலேயே. உரம் பற்றவில்லை என்று இன்னும் உரம் போட்டேன், ஒன்றும் மாறவில்லை. மண்ணைப் பரிசோதித்தபோது கார அமில நிலை (pH) 8ஐத் தாண்டியிருந்தது. ரோஜாவுக்கு 6இலிருந்து 6.5 சுகமான இடம். மண்ணில் இரும்புச்சத்து இருந்தது, காரத்தன்மையில் அது பூட்டிக்கிடந்தது, வேரால் எடுக்கமுடியவில்லை. இரும்பைப் பூட்டிவிடாமல் பிடித்துவைக்கும் கீலேட் இரும்பு உரம் வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்கவேண்டும், ஈடிடிஏ (EDTA) என்று எழுதியிருப்பது இவ்வளவு காரமான மண்ணில் சீக்கிரம் பலனிழந்துவிடும், ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்று எழுதியிருப்பதுதான் தாங்கும். முதலில் வாங்கியது எது என்று சொல்லத் தேவையில்லை. கூடவே கந்தகத்தூளும் மக்கிய எருவும் சேர்த்துவந்ததில், ஒரு வருடம் கழித்துத் தளிர் பச்சையாக வந்தது.

கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் இருந்த செடி ஒன்று அந்தக் கோடையில் செத்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன், இலை வாடியே இருந்தது, இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் மேற்குப்பக்கத்து வேரெல்லாம் வெந்துபோயிருந்தது. மற்றவற்றைத் தரையில் நட்டேன், மதியத்துக்குமேல் ஒரு மரத்தின் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து. காலையில் ஆறு மணிநேர வெயில் சிவப்புக்குத் தாராளமாகப் போதும், மதிய வெயில் பூவைக் கருக்குவதைத் தவிர வேறெதற்கும் உதவவில்லை. தினமும் தெளிப்பதை விட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு முழம் ஆழம் இறங்கும்படி ஊற்றினேன். கோடையில் கவாத்தே இல்லை, இலைதான் தண்டுக்குக் குடை. உச்சக்கோடையில் வந்த மொட்டுகளைப் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிட்டேன். முதல் தடவை கை நடுங்கியது, உண்மைதான்.

அப்புறம் வெயில் தணிந்தது. பகலில் 25 டிகிரி, ராத்திரி 12, வானத்தில் ஒரு மேகம் இல்லை. கவாத்து செய்து ஐம்பத்தைந்தாவது நாள் வந்த பூதான் என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச்சிறந்த டபுள் டிலைட். மலையில் வந்த அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் நிறம், அட்டையில் இருக்கும் படம் பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். முதல் நாள் விளிம்பு மட்டும், இரண்டாம் நாள் பாதி, நாலாம் நாள் நடுவில் மட்டும் பாலாடை. இலையில் நோயே இல்லை. மூன்று மாதம் இப்படியே. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை, அது பிறந்த ஊரின் வானிலையை அந்த மூன்று மாதம் இந்த வறண்ட ஊர் இலவசமாகக் கொடுத்தது.

நாலாவது வானிலை என்னுடையதல்ல, அக்காவுடையது. அவள் இருப்பது குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போகிற ஊரில். என் பேச்சைக் கேட்டு டபுள் டிலைட் ஒட்டுச்செடி வாங்கி நட்டாள், முதல் கோடை அருமையாகப் பூத்தது. பனி முடிந்து அடுத்த வருடம் போன் செய்தாள். "டேய், உன் ரோஜா நிறம் மாறிடுச்சுடா, சின்னச் சின்னதா கருஞ்சிவப்பா கொத்துக் கொத்தாப் பூக்குது." படம் அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. மேலே இருந்த டபுள் டிலைட் பனியில் செத்துவிட்டது, கீழே வேருக்காகக் கட்டியிருந்த டாக்டர் ஹ்யூயி என்ற ரோஜா தலையெடுத்துவிட்டது. அமெரிக்காவில் ஒட்டுக்கட்ட அதிகம் பயன்படும் வேர்ச்செடி அது, ஜார்ஜ் தாமஸ் என்பவர் 1914இல் உருவாக்கியது. கோல்ஃப் மைதானங்கள் வடிவமைப்பதிலும் பேர் வாங்கிய ஆள். வறண்ட காரமண்ணில் அந்த வேர் ஜமாய்க்கும், வருடத்தில் ஒரே ஒருமுறை பூக்கும், அவ்வளவுதான். செடி நிறம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

அவளுடைய ஊருக்கு ஒட்டுக்கட்டிய முடிச்சை மண்ணுக்குள் ஐந்து செ.மீ.யாவது புதைத்து நடவேண்டும், பனி வருமுன் அடித்தண்டைச் சுற்றி ஒரு அடி உயரம் மண்ணோ எருவோ குவிக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் முடிச்சைப் புதைத்தால் அழுகும் என்று மேலே வைப்போம், அதையே அவளுக்கும் சொல்லியிருந்தேன். தப்பு என்னுடையது. மலையில் குச்சியிலிருந்து வந்த சொந்த வேர்ச்செடியின் மதிப்பு எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரைமட்டம்வரை செத்தாலும் அடியிலிருந்து வருவது அதே டபுள் டிலைட்டாகத்தான் இருக்கும். இப்போது அவளிடம் சொந்த வேரில் ஒன்று இருக்கிறது. பழையதைத் தோண்டி எறி என்றேன், "அது பாட்டுக்குப் பூக்குது, இருந்துட்டுப் போகட்டும்" என்கிறாள்.

நான் இப்போது திரும்பவும் கடலோரத்தில். இந்தமுறை ரோஜா வாங்கப் போனபோது நான் கேட்டது நிறமோ வாசனையோ அல்ல, மழைமாதத்தில் இலை நிற்குமா என்றுதான். ஈரவெப்ப ஊர்களுக்குப் பழைய டீ ரோஜாக்களும் சீன ரோஜாக்களும் எவ்வளவோ மேல், ஓல்டு பிளஷ், மியூட்டபிலிஸ் இரண்டும் வைத்திருக்கிறேன், பெரிய கூம்புப் பூ எதிர்பார்க்காவிட்டால் சந்தோஷமாக வளர்க்கலாம். கரும்புள்ளியைத் தாங்குவதற்கென்றே பேர் வாங்கிய நாக் அவுட் 2000இல் வந்தது, அதுவும் ஒன்று இருக்கிறது, வாசனை கிட்டத்தட்ட இல்லை என்பது எனக்குக் குறைதான்.

டபுள் டிலைட் ஒன்றே ஒன்று, மொட்டை மாடியின் கிழக்கு மூலையில், வெளிர்நிறத் தொட்டியில். மழைமாதத்தில் அது குச்சியாக நிற்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் செத்த செடியை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். மழை போன வாரம் விட்டது. மூன்றில் ஒரு பங்கு வெட்டி, பழைய இலையைக் கிள்ளியாகிவிட்டது. ஆறு கண்ணில் சிவப்பாகத் துளிர் தெரிகிறது.